நுரையில் அறுவடை: பவளத் தொட்டியில் கார்பன் ஊட்டலின் வரலாறு

லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. ஒரு கண்ணாடிக் கலம், இரண்டு பொன்மீன்கள், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி. செடியின் இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியதும் அழுகலைத் தின்னும் நத்தைகளை விட்டார், கலம் தெளிந்தது. மீனும் செடியும் நத்தையும் ஒன்றையொன்று தாங்கும் என்ற இந்தக் கருத்திலிருந்துதான் வீட்டு மீன்தொட்டி வளர்ந்தது. அந்தக் கணக்கில் நுண்ணுயிருக்கு இடமே இல்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்களில் ஒருவர் வாரிங்டனின் மகன். தந்தையின் பெயரையே தாங்கிய அவர் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் நைட்ரேட் உருவாவதை ஆராய்ந்து, அது இரண்டு படிகளில் நடப்பதாகக் காட்டினார். அவருக்கு முன்னோடி பாரிஸ் நகரத்துச் சாக்கடை. 1877இல் ஷ்லோசிங், முன்ட்ஸ் இருவரும் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாய் வழியே மெல்ல இறக்கினர். அதிலிருந்த அம்மோனியா நைட்ரேட்டாக மாறியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. அப்படியானால் இது உயிரின் வேலை. 1890 வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனித்துப் பிரித்தெடுத்தார்.

மீன்தொட்டிக்காரர்களின் அறிவு சாக்கடைப் பொறியாளர்களின் அறிவுக்குப் பின்னால் பல பத்தாண்டுகள் தள்ளியே நடந்திருக்கிறது. பெரும்பாலும் கடனை ஒப்புக்கொள்ளாமலும் நடந்திருக்கிறது. இந்தப் பயணத்தில் முக்கியமான திருப்பம் ஒன்றுதான் என்பது இக்கட்டுரையின் வாதம். கழிவை உருமாற்றும் வேலையாளாகக் கருதப்பட்ட நுண்ணுயிர், வளர்த்து அறுத்தெடுக்க வேண்டிய பயிராகக் கருதப்படத் தொடங்கியது. நுண்ணுயிருக்குத் தீனியாகக் கரிமப் பொருளைச் சேர்க்கும் கார்பன் ஊட்டலின் வெற்றிகளும் கேடுகளும் அந்த அறுவடை நடந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தே அமைந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் புழக்கத்துக்கு வந்த அடிமணல் வடிகட்டியும், 1986இல் ஜார்ஜ் ஸ்மிட் அமெரிக்க இதழொன்றில் எழுதிய தொடரால் பரவிய சொட்டுநீர் வடிகட்டியும் வேலையாள் நோக்கின் உச்சம். அம்மோனியாவை அவை விரைவாக நைட்ரேட் ஆக்கின. அதோடு நின்றும்விட்டன. பவளப்பாறையைச் சூழ்ந்த தெளிந்த கடலில் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பின்னமே இருக்கும். இந்தத் தொட்டிகளிலோ பத்து மில்லிகிராம் கணக்கில் சேர்ந்தது. மீன் பிழைத்தது, கல் பவளம் மடிந்தது.

மாற்று வழி வேறிடங்களில் இருந்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கடல்நீர், காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டுமே கொண்டு பவளம் வளர்த்ததை 1961இல் எழுதினார். உயிர்ப்பாறையோடு புரோட்டீன் ஸ்கிம்மர் என்னும் நுரை பிரிப்பானை இணைத்தது பெர்லின் முறை. மொனாக்கோவில் ழான் ஷொபேர் ஆழமான மணல் படுகையின் அடியில் நீர் நிற்கும் இடைவெளி விட்டு, ஆக்சிஜன் குறைந்த அடுக்குகளில் நைட்ரேட் வாயுவாகப் பிரிந்து போகும்படி செய்தார். பாறைக்குள்ளும் மணலுக்குள்ளும் நடந்தது ஒன்றே: அங்கிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசித்தன. ஆனால் அதற்கு அவற்றுக்கு உண்ணக் கரிமப் பொருள் வேண்டும். தொட்டியில் குறைவாக இருந்தது அதுதான்.

கழிவுநீர்ப் பொறியியல் இதை முன்பே தீர்த்திருந்தது. 1970களில் அமெரிக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் நைட்ரேட்டை அகற்ற மெத்தனால் சேர்ப்பது வடிவமைப்பு முறையாகவே ஏற்கப்பட்டது. அதே தத்துவத்தில் ஐரோப்பியத் தொட்டிக்காரர்கள் சிலர் மூடிய பெட்டி வடிகட்டிகளுக்கு ஆல்கஹாலோ சர்க்கரையோ ஊட்டி வந்தனர். அது பெட்டிக்குள் அடங்கிய காரியம். பவளம் இருக்கும் நீரிலேயே நேராக ஊற்றத் துணிவு வரவில்லை.

துணிந்தவர்கள் ஜெர்மானியர். மிஷாயேல் ம்ரூட்செக், யோர்க் கோக்கோட் இருவரும் 2004இல் ஒரு ஜெர்மன் கடல்நீர்த் தொட்டி இதழில் எத்தனால் ஊட்டும் முறையை விவரித்தனர். எங்கும் கிடைக்கும் தூய எத்தனால் கரைசல் வோட்கா என்பதால் முறைக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தர்க்கம் புதிது. ஆல்கஹாலை உண்டு பெருகும் நுண்ணுயிர் தன் உடலைக் கட்ட நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த உடல்களை ஸ்கிம்மர் நுரையோடு வெளியே தள்ளிவிடும். நைட்ரேட் வாயுவாக வேண்டியதில்லை, உயிர்த்திரளாக ஸ்கிம்மர் கோப்பையில் சேர்ந்தால் போதும். வயலில் களையெடுப்பதை விட்டுவிட்டு, உரம் முழுவதையும் உறிஞ்சும் பயிரை விதைத்து அறுத்தெடுப்பது போன்ற யோசனை.

எண்கள் இதன் வலிமையையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுகின்றன. 40 சதவீத வோட்கா 1 மி.லி.யில் ஏறத்தாழ 0.16 கிராம் கார்பன் உண்டு. அதே கார்பனுக்கு 5 சதவீத வினிகர் சுமார் 8 மி.லி. வேண்டும். தொடக்க அளவாகப் பலர் கொண்ட 100 லிட்டருக்கு 0.1 மி.லி. வோட்கா, நீரில் லிட்டருக்கு 0.16 மி.கி. கார்பனைச் சேர்க்கிறது. பவளப்பாறை நீரில் கரைந்துள்ள கரிமக் கார்பனே லிட்டருக்கு 1 மி.கி. அளவில்தான் என்பதை நினைத்தால், 'சில சொட்டு' என்பது அற்பமல்ல.

வரம்பு ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டின் விகிதத்தில் இருக்கிறது. கடல் மிதவையுயிர்களின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106:16:1 என்ற அளவில் இருப்பதாக அவருடைய ஆய்வுமரபு நிறுவியது. நுண்ணுயிரின் விகிதம் சற்று வேறு என்றாலும் தோராயத்துக்கு இது போதும். இதன்படி 1 மி.கி. பாஸ்பேட் போகும்போது சுமார் 10 மி.கி. நைட்ரேட் போகும். லிட்டருக்கு 20 மி.கி. நைட்ரேட்டும் 0.1 மி.கி. பாஸ்பேட்டும் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். சுமார் ஒரு மில்லிகிராம் நைட்ரேட் குறைந்ததுமே பாஸ்பேட் தீர்ந்துவிடும். மேற்கொண்டு வோட்கா ஊற்றினால் பயிர் வளராது. கார்பன் மட்டும் மிஞ்சும். 'எவ்வளவு ஊற்றியும் நைட்ரேட் இறங்கவில்லை' என்ற பழைய புலம்பலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இதே தர்க்கத்துக்கு வேறு கிளைகளும் உண்டு. ஜெர்மனியில் ஸியோவிட் முறை ஸியோலைட் கற்கள், புட்டி நுண்ணுயிர், அதற்கான உணவு மூன்றையும் தொகுத்து விற்றது. அம்மோனியத்தைக் கற்கள் பிடித்துவைக்கும் என்ற விளக்கம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் சோடியம் உள்ள கடல்நீரில் கல்லின் இடத்தைச் சோடியமே பிடித்துக்கொள்ளும். கற்கள் நுண்ணுயிர் ஒட்டி வளரும் பரப்பாக உதவியிருக்கலாம். 2010ஐ ஒட்டிப் பரவிய உயிர்ச்சிதைவுப் பிளாஸ்டிக் மணிகள் இன்னும் சுவையான கதை. அவற்றில் பலவற்றின் மூலப்பொருள் பாலிஹைட்ராக்ஸிப்யூட்டிரேட் குடும்பத்தைச் சேர்ந்தது. 1920களில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவாஞ் அதைக் கண்டது ஒரு நுண்ணுயிரின் உடலுக்குள். கார்பன் மிகுந்த நாளில் அந்த நுண்ணுயிர் கொழுப்பைப் போலச் சேர்த்துவைக்கும் இருப்பு அது. நுண்ணுயிரின் சேமிப்பையே நுண்ணுயிருக்குத் தீனியாக்கினார்கள்.

இதே சிந்தனை இறால் குட்டைகளில் தனியாக வளர்ந்து வந்தது. இஸ்ரேலின் யோராம் அவ்னிமெலெக் 1999இல் கார்பன்-நைட்ரஜன் விகிதத்தைக் கூட்டி அம்மோனியாவை அடக்கும் கணக்கை வெளியிட்டார். பயோஃப்ளாக் என்ற பெயரில் அது தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்கும் வந்தது. இங்கே வோட்காவின் வேலையைச் சர்க்கரை ஆலையின் மொலாசஸ் செய்கிறது. அறுவடைக்காரர் மட்டும் வேறு: திரண்ட நுண்ணுயிரை இறாலும் திலாப்பியாவும் தின்றுவிடுகின்றன.

தொட்டியாளர்கள் வோட்கா ஊற்றத் தொடங்கிய அதே ஆண்டுகளில் பவளப்பாறை அறிவியல் நேர்மாறான செய்தியைக் கொண்டுவந்தது. 2006இல் டேவிட் கிளைன், ஃபாரஸ்ட் ரோவர் குழுவினர், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் பவளத்தைப் பெரிய அளவில் கொல்லவில்லை, கரைந்த கரிமக் கார்பன்தான் கொல்கிறது என்றனர். சர்க்கரைகளை மிகையாகச் சேர்த்தபோது பவளத்தின் சளிப்படலத்தில் நுண்ணுயிர் வளர்ச்சி வேகம் பத்து மடங்கு அளவில் கூடியது. அப்படியிருக்க வோட்கா ஊற்றிய தொட்டிகளில் பவளம் எப்படிச் செழித்தது?

விடையின் ஒரு பகுதி அளவு. சோதனையில் சேர்த்த கார்பன் தொட்டி அளவுகளைவிடப் பல மடங்கு அதிகம். இன்னொரு பகுதியைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் குழு 2011இல் வெளியிட்ட நுண்ணுயிர்க் கணக்கெடுப்பில் காணலாம். ஸ்கிம்மர் ஓடும் தொட்டிகளின் நீரில் நுண்ணுயிர் எண்ணிக்கை இயற்கைப் பவளப்பாறை நீரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குதான். அத்தகைய தொட்டியில் கார்பன் ஊட்டியும் எண்ணிக்கை நீரில் ஏறவில்லை. அறுவடை இல்லாதபோது ஏறியது. ஸ்கிம்மர் எல்லாவற்றையும் பிடிப்பதுமில்லை: அளக்கக்கூடிய மொத்தக் கரிமக் கார்பனில் 20 முதல் 30 சதவீதத்தையே அது நீக்குவதாக அதே குழு முன்பு கண்டிருந்தது. மின்வெட்டில் ஸ்கிம்மர் நின்ற இரவில் தண்ணீர் பால் போலக் கலங்கி, ஆக்சிஜன் சரிந்து மீன்கள் மடிவது இதன் மறுபக்கம்.

புட்டியில் விற்கும் 'நல்ல பாக்டீரியா' பற்றி வரலாறு அவ்வளவு கனிவாக இல்லை. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே பாடநூல்களும் புட்டிகளும் சொல்லிவந்தன. டிமோத்தி ஹோவனெக் 1990களில் மரபணு முறையில் தேடியபோது நன்னீர்த் தொட்டிகளில் அது அகப்படவில்லை. நைட்ரோஸ்பைரா வகை இருந்தது. 2005இல் சியாட்டில் மீன்காட்சியகத்தின் வெப்பமண்டலத் தொட்டியிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரோசோப்யூமிலஸ் மாரிட்டிமஸ், பாக்டீரியாவே அல்லாத ஆர்க்கியா ஒன்று அம்மோனியாவை உண்டு வாழ்வதைக் காட்டியது. எப்போதும் நம் கண்முன் இருந்த தொட்டியிலேயே யார் வேலை செய்கிறார் என்று தெரியாமல் விற்பனை நடந்திருக்கிறது.

அண்மைத் திருப்பத்துக்குக் காரணம் ரெட்ஃபீல்டின் பழைய கணக்குதான். கார்பனும் பாஸ்பேட் உறிஞ்சிகளும் கைகோத்துப் பல தொட்டிகளில் பாஸ்பேட் அளக்க முடியாத அளவுக்கு வீழ்ந்தது. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மான் குழு தொட்டிப் பவளங்களைக் கொண்டே செய்த ஆய்வு 2013இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்தது: நைட்ரேட் மிகுந்து பாஸ்பேட் பட்டினி கிடக்கும் பவளம் வெப்பத்திலும் ஒளியிலும் எளிதில் வெளுத்துவிடுகிறது. ஊட்டச்சத்து முற்றிலும் வற்றிய தொட்டிகளில் நச்சு டைனோஃபிளாஜெல்லேட்டுகள் பழுப்புப் படலமாகப் பரவுவதையும் வளர்ப்போர் கண்டனர். இன்று ஒரு கையால் வினிகரை ஊற்றுவோர் பலர், மறு கையால் சோடியம் நைட்ரேட்டையும் பாஸ்பேட் கரைசலையும் அளந்து ஊற்றுகிறார்கள். பரிசோதனைப் பெட்டியில் 'பூச்சியம்' வருவது வெற்றியாக இருந்த காலம் முடிந்து, இரண்டு எண்களும் எந்த விகிதத்தில் நிற்க வேண்டும் என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது.