புதைந்ததும் புதைத்ததும்: பெங்களூரு மண்ணின் ரோமானிய வெள்ளிக்காசுகள்

பிரேசர் டவுனிலிருந்து மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் சென்றால் யஷ்வந்த்பூர். தென்கிழக்கே ஏறத்தாழ அதே தொலைவில் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதி. இவ்விரு இடங்களிலும் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளி நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. யஷ்வந்த்பூரில் 1891-ஆம் ஆண்டு இருப்புப்பாதைப் பணிக்காக மண் வெட்டியபோது வெளிப்பட்டவை 163. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் எச்.ஏ.எல். பகுதியில் கிடைத்தவை 256. அகஸ்டஸ், திபேரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் பெயரும் உருவமும் அவற்றில் உள்ளன. கெம்பே கௌடரின் கோட்டையிலிருந்தோ, மிஞ்சிப்போனால் பேகூர்க் கல்வெட்டிலிருந்தோ தொடங்கிப் பழகிவிட்ட நம் நகர வரலாற்றை இக்காசுகள் பொது ஆண்டின் முதல் நூற்றாண்டுக்குப் பின்னோக்கி இழுத்துச் செல்கின்றன.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் காடுகளிலும் வயல்களிலும் உலோகம் கண்டறியும் கருவியோடு நடந்து, இலைச்சருகை விலக்கி, ஒரு கொத்து மண்ணைப் புரட்டி, பழைய வெள்ளிக்காசை உள்ளங்கையில் வைத்துக் காட்டும் காணொளிகள் நம் மாணவர்களிடையே பரவலாகப் பார்க்கப்படுகின்றன. கருவியும் இணைய வணிகத்தில் எளிதாகக் கிடைக்கிறது. 'நம் ஊரிலும் இப்படித் தேடினால் என்ன?' என்ற கேள்வி இயல்பானது. அதைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. பலருக்கு அது வரலாற்றின் மீதான ஆர்வமே. ஆயினும் அந்தக் காணொளி காட்டாத ஒன்றைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

மொழியியல் படித்தவர்க்கு இதைச் சொல்லத் தமிழே ஒரு வழி தருகிறது. 'புதை' என்னும் வேர் தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். காசு புதைந்தது, காசைப் புதைத்தார். முதலாவதில் செய்தவர் இல்லை. மடியிலிருந்து நழுவி, சேற்றில் அழுந்தி, மறக்கப்பட்ட காசு அது. இரண்டாவதில் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஓர் அச்சமோ திட்டமோ வேண்டுதலோ இருந்திருக்கிறது. திரும்பி வந்து எடுக்கும் எண்ணமும் இருந்திருக்கலாம். 'புதையல்' என்ற பெயர்ச்சொல்லோ இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. புதைந்ததா, புதைத்ததா என்று அச்சொல் நமக்குச் சொல்வதில்லை. கையில் எடுத்த காசும் சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடியது அது கிடந்த இடம் மட்டுமே: குழி வெட்டிய தடம், பானையின் ஓடு, மேல்மூடி, சுற்றியுள்ள கரி, பக்கத்தில் இருந்த வீட்டுத் தளம். தொல்லியலார் 'சூழல்' என்று அழைப்பது இதைத்தான்.

கருவியின் இயக்கத்தை எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். அதன் வளையத்தில் பாயும் மாறுமின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு மாறும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அப்புலம் உலோகத்தைத் தொடும்போது அதனுள் சுழல் மின்னோட்டம் எழுகிறது. அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக மாற்றுகிறது. மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகமாதலால் வெள்ளி தெளிவாகக் குரல் கொடுக்கும். பானையோடு குரல் கொடுக்காது. கரி கொடுக்காது. மண்ணின் நிறமாற்றம் கொடுக்காது. ஆக, வரலாற்றுக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் செவிடாக இருந்து, சந்தைக்கு வேண்டிய ஒன்றுக்கு மட்டும் செவிகொடுக்கும்படி அமைந்த கருவி அது. முறையான அகழாய்வில் அதுவும் பயன்படுகிறது, ஆனால் அங்கே அதன் ஒலி கேட்டதும் ஓடி வருவது மண்வெட்டி அன்று, அளவுநாடாவும் குறிப்பேடும்.

'காசில்தான் அரசன் பெயர் இருக்கிறதே, காலத்தை அறிய அது போதாதா?' என்று கேட்கலாம். போதாது என்பதற்குத் தென்னிந்தியாவின் ரோமானியக் காசுகளே சான்று.

கொங்கு நாட்டில் வெள்ளலூர், கரூர், பொள்ளாச்சி முதலிய இடங்களில் வெள்ளி தினாரியஸ் குவியல்கள் கிடைத்துள்ளன. வெள்ளலூரில் 1842-இல் ஒரே பானையில் 500-க்கும் மேற்பட்டவை இருந்தன. அவ்வூரிலேயே பின்னரும் குவியல்கள் வெளிப்பட்டன. பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைத்த வணிகப் பாதையை இவ்வூர்கள் காட்டுகின்றன என்பது பலரும் ஏற்கும் கருத்து. இக்குவியல்களில் திரும்பத் திரும்ப வருபவை இரண்டு வகைகள். ஒன்று, அகஸ்டஸ் தன் பேரப்பிள்ளைகள் கையஸ், லூசியஸ் இருவரையும் பின்புறத்தில் பொறித்து, இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அச்சிட்டது. மற்றொன்று, அமர்ந்த நிலையில் ஒரு பெண்ணுருவம் கொண்ட திபேரியஸின் காசு. நீரோவுக்குப் பிந்திய தினாரியஸ்கள் இங்கே மிக அரிது.

ஏன்? பொது ஆண்டு 64 அளவில் நீரோ வெள்ளி நாணயத்தின் எடையைக் குறைத்தான். ஒரு ரோமானிய இராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்தது 96 ஆயிற்று. வெள்ளியின் தூய்மையும் தாழ்ந்தது. நம் நாட்டு வணிகர் காசை அரசனின் ஆணைக்காக வாங்கவில்லை, வெள்ளிக்காக வாங்கினர். எனவே பழைய, கனமான காசுகளையே விரும்பினர் என்று நாணயவியலார் பலர் கருதுகின்றனர். இலங்கை அரசன் ஒருவன், வெவ்வேறு பேரரசர் காலத்துத் தினாரியஸ்கள் எல்லாம் ஒரே எடையில் இருப்பதைக் கண்டு ரோமானியரின் நேர்மையை வியந்ததாக பிளினி எழுதியிருப்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

இதன் விளைவைக் கவனியுங்கள். நீரோவின் மாற்றத்துக்குப் பின்னும் பழைய காசுகளையே தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தால், ஒரு பானையின் கடைசிக் காசு கிளாடியஸுடையது என்பதால் அப்பானை கிளாடியஸ் காலத்தில் புதைக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. 'அதற்கு முன்பு இல்லை' என்று மட்டுமே சொல்லலாம். பத்து ஆண்டு கழித்தா, ஐம்பது ஆண்டு கழித்தா? விடை காசில் இல்லை. பானையின் வனைவிலும் அது கிடந்த மண்ணடுக்கிலும் இருந்தது. யஷ்வந்த்பூரிலிருந்து நமக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை எண்ணிக்கையும் அரசர் பெயர்களும் ஊர்ப்பெயருமே. வழிப்போக்கு வணிகனின் முதலா, உள்ளூர்த் தலைவனின் சேமிப்பா, அருகே ஒரு குடியிருப்பு இருந்ததா என்ற கேள்விகளுக்கு இனி விடை கிடைப்பது அரிது. பாதை போடப்பட்டுவிட்டது, மண் எப்போதோ எங்கோ கொட்டப்பட்டுவிட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு நம் கர்நாடகத்திலேயே உண்டு. சித்திரதுர்க்கத்தை அடுத்த சந்திரவள்ளியில் 1947-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அவருக்கு முன்பே மைசூர்த் தொல்லியல் துறையின் எம்.எச். கிருஷ்ணா அங்கே அகழ்ந்திருந்தார். அங்கு கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகள் சிலவே. ஆனால் அவை சாதவாகனக் காசுகளோடும், அரிக்கமேட்டில் 1945-இல் அடையாளம் காணப்பட்ட சுழல்கோட்டு மட்கலத்தோடும் தொடர்புபடுத்திப் பார்க்கத்தக்க நிலையில் கிடைத்தன. தக்காணத்தின் தொடக்க வரலாற்றுக் காலக் கணக்கை அமைக்க அவை உதவின. அடுக்கில் கிடைத்த ஒரு காசு ஓர் ஊரின் காலத்தைச் சொன்னது. அடுக்கிழந்த 163 காசுகள் தம் பெயரை மட்டும் சொல்கின்றன.

காணொளிகள் வரும் இங்கிலாந்திலும் நல்லவர்கள் இதை அறிந்தே நடந்துகொள்கிறார்கள். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் என்னும் ஊரில் எரிக் லாஸ் என்பவர், நண்பரான உழவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தான் கருவியோடு சென்றார். பொற்காசும் வெள்ளிக்கரண்டியும் வரத் தொடங்கியதும் தோண்டுவதை நிறுத்தி அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் தொல்லியலார் வந்து அகழ்ந்தனர். ஏறத்தாழ 15,000 காசுகள் கிடைத்தன. அவற்றைவிட அரியது, அவை ஒரு மரப்பெட்டிக்குள் எவ்வாறு வகைபிரித்து அடுக்கப்பட்டிருந்தன என்பதை மக்கிய மரத்தின் எச்சங்களிலிருந்து அறிய முடிந்ததுதான். புதைத்தவரின் கை அங்கே தெரிந்தது. கண்டவருக்குச் சந்தை மதிப்பில் 17.5 லட்சம் பவுண்டு வெகுமதி வழங்கப்பட்டது. அதை அவர் நிலத்து உழவரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்நாட்டு வழிகாட்டு நெறிகள் இன்னொன்றையும் சொல்கின்றன: இயன்றவரை ஏற்கெனவே உழுது கலைந்த நிலத்தில் மட்டும் தேடுங்கள். உழுத மண்ணில் அடுக்கு முன்பே குலைந்திருக்கும். அங்கே எடுக்கும் காசால் புதிய இழப்பு குறைவு. கலப்பை படாத காட்டு மண் அப்படியன்று. காணொளியில் அழகாகத் தெரியும் அந்தக் காட்டுக் குழிதான் உண்மையில் அதிகம் அழிப்பது. நம் காப்புக்காடுகளில் வனச் சட்டத்தின் கட்டுப்பாடும், பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடையும் இருப்பது தனி.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. அறிவிப்பில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது. மறைத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ. 'எங்கே' என்ற சொல் அச்சட்டத்திலேயே இருப்பது நம் நற்பேறு. மைசூர் மாநிலம் 1962-இல் தனக்கெனத் தனிச் சட்டமும் இயற்றிக்கொண்டது.

ஆனால் 1878-இன் சட்டத்தில் ஓர் ஆழ்ந்த குறையும் உண்டு. அரசு புதையலைத் தனக்கென எடுத்துக்கொள்ள விரும்பினால், அதன் மூலப்பொருள் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். அதாவது தினாரியஸின் விலை வெள்ளியின் எடை விலையே. இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றுக்கு விலை அந்த ஐந்தில் ஒரு பங்கு. காசு வணிகர் இதைவிடப் பன்மடங்கு தருவார். அப்படியிருக்க, அடித்தளம் தோண்டும் கூலித் தொழிலாளி எதற்காக வட்டாட்சியர் அலுவலகப் படியேற வேண்டும்? கண்ணூரை அடுத்த கோட்டயத்தில் 1847-இல் கிடைத்த பெரும் பொற்காசுக் குவியலில் பெரும்பகுதி, அறிஞர் கண்ணில் படுமுன்பே கைமாறிப் போனது. அதற்குப் பின் வந்த சட்டம் தண்டனையைக் கூட்டியது; சொல்பவரின் ஆதாயத்தைப் போதிய அளவு கூட்டவில்லை.

பெங்களூருவில் இது ஏட்டளவிலான சிக்கல் அன்று. 1906-இல், கொள்ளைநோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்க அமைந்த பிரேசர் டவுனில், பழைய ஓட்டு வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் வாகன நிறுத்தத் தளம் தோண்டப்படுகிறது. மெட்ரோ சுரங்கம் இப்பகுதி வழியே செல்கிறது. இந்நகரின் இரு காசுக் குவியல்களையும் வெளிக்கொணர்ந்தது ஆய்வாளரின் திட்டமன்று. மூன்றாவது ஒன்று இருந்தால் அதையும் முதலில் காணப்போவது பெரும்பாலும் நாமாக இருக்க மாட்டோம். மண் அள்ளும் இயந்திரத்தின் ஓட்டுநரோ, இராய்ச்சூரிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்த ஒரு தொழிலாளியோ காண்பார்.

ஆகவே கருவி வாங்க எண்ணும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஆர்வத்துக்கு இதைவிடப் பயனுள்ள வேலை காத்திருக்கிறது. உங்கள் தெருவில் அடித்தளம் தோண்டும்போது, அனுமதி பெற்று, வெட்டுச்சுவரைப் பாருங்கள். பானையோடு தெரிந்தால் எடுக்காமல், அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். இடத்தையும் ஆழத்தையும் நாளையும் குறியுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் அவர்கள் மொழியில் பேசுங்கள். துறை சார்ந்தோர் கேட்க வேண்டியது ஒன்று: வெகுமதியைச் சந்தை மதிப்பில் நிர்ணயித்து, அது முதலில் கண்டவருக்குச் சேரும்படி சட்டத்தைத் திருத்துதல்.

யஷ்வந்த்பூரில் அந்தக் காசுகளைக் கண்டவர் பெயர் நமக்குத் தெரியாது. அவற்றைப் புதைத்தவர் பெயரும் தெரியாது. முன்னவரைக் கேட்டிருக்கலாம், கேட்டிருந்தால் பின்னவரைப் பற்றியும் சிறிது அறிந்திருப்போம்.