காஞ்சியும் ஆற்றுப்படையும்



உள்ளம் சோர்ந்தவர்க்கு வழிகாட்டும் பணியை இன்று கல்லூரிகளில் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று வழங்குகின்றனர். இச்சொல் புதியதன்று. வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையால் வாடி வழியில் எதிர்ப்படும் மற்றொரு பாணனுக்குத் தான் சென்ற வழியையும் பெற்ற பயனையும் எடுத்துரைப்பதே சங்க இலக்கியத்தில் ஆற்றுப்படை எனப்படும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவ்வழி காஞ்சி மாநகரை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் சென்று முடிகிறது. இங்கே வழிகாட்டுபவன் அரசனும் அல்லன், ஆசானும் அல்லன். அண்மைக்காலம் வரை அதே பசியை அறிந்திருந்த மற்றொரு பாணனே. ஒத்த நிலையினர் ஒருவர்க்கொருவர் துணையாதல் என்னும் இக்கருத்தைக் காஞ்சியின் வரலாற்றில் வேறு சில இடங்களிலும் காணலாம்.

கி.பி. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியிற் பிறந்த தருமபாலரைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். அமைச்சர் ஒருவரின் மகனாகிய அவ்விளைஞர்க்கு அரசன் தன் மகளை மணமுடிக்க விரும்பினான். துறவையே நாடிய இளைஞரோ, மணத்திற்கு முந்திய இரவில் கலங்கிப் புத்தர் படிமத்தின்முன் வேண்டி நின்றாராம். தெய்வம் ஒன்று அவரைத் தொலைவிலிருந்த மலைப்பள்ளியிற் கொண்டு சேர்த்தது என்பது கதை. அங்கே கதவைத் திறந்த துறவி, முதலில் அவரைக் கள்வர் என்றே ஐயுற்றார். ஆயினும் விரட்டவில்லை; வினவினார். இளைஞர் தம் நெஞ்சிலிருந்ததை முழுவதும் உரைத்தார். அவரே பிற்காலத்தில் நாலந்தாப் பல்கலைக்கழகத்தின் தலைமையாசிரியராக விளங்கினார். தெய்வச் செயலைக் கதையென ஒதுக்கிவிட்டாலும், ஐயுற்றவர் செவிகொடுத்துக் கேட்டார் என்பது நம் நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

அக்காலத்தில் இந்நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள் இருந்தன என்றும் யுவான் சுவாங் குறிக்கிறார். பௌத்த சங்கத்தின் நெறிகளுள் ஒன்று பவாரணை என்பது. மழைக்காலத்தில் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கிய துறவியர், அதன் இறுதியில் ஒருங்குகூடி, தம்மிடம் பிறர் கண்டவும் கேட்டவும் ஐயுற்றவுமான குறைகளை எடுத்துக் கூறுமாறு ஒருவர்பின் ஒருவராக வேண்டிக்கொள்வர். மூத்தோரும் இளையோரும் ஒரே அவையில் இவ்வாறு வேண்டுவர். குறையை மறைக்காமல் பேசுதற்கு ஓர் அவையும், அதற்கென ஒரு நாளும் வகுத்திருந்தனர் என்பது வியத்தற்குரியது.

மாணவர் நலனைக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதியதற்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. காஞ்சிக்கு அண்மையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏறத்தாழ 1068ஆம் ஆண்டினது, ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. மாணவர்க்கு உணவும் உறையுளும் பாயும், சனிக்கிழமை முழுக்கிற்கு எண்ணெயும், இரவு விளக்கும் அளிக்க நிவந்தம் விடப்பட்டது. மாணவரும் கோயிற் பணியாளரும் நோயுற்றால் தங்குதற்கு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இருந்தது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிவிடை செய்யும் பெண்டிர் ஆகியோர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. மனநோய் பற்றி அக்கல்வெட்டில் யாதும் இல்லை. எனினும், மாணவன் ஒருவன் நோயுற்றால் அது அவன் பெற்றோரின் கவலை மட்டுமன்று, கல்விச்சாலையின் பொறுப்பு என்பதை அது கல்லில் எழுதிவைத்திருக்கிறது.

இவற்றையெல்லாம் வகுப்பில் கற்பித்த நானே, ஒரு சமயம் இவற்றின் பொருளை மறந்தேன். என்னிடம் பயின்ற நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன், கல்லூரியில் முதலாண்டிலேயே மூன்று பாடங்களில் தவறினான். கல்லூரியை விட்டுத் தறியில் அமர்ந்துவிட்டான். அவனை அழைத்து ஒருமணி நேரம் அறிவுரை கூறினேன். “சரிங்க ஐயா” என்று வணங்கிச் சென்றவன் கல்லூரிப் பக்கமே போகவில்லை. சில வாரங்களுக்குப்பின் அவனுடைய வகுப்புத் தோழர் மூவர் அவன் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தனர். ஆங்கிலத்தில் நிகழும் பாடம் தனக்கும் விளங்கவில்லை என்றான் ஒருவன். தான் தவறியதை வீட்டில் மறைத்திருப்பதாகக் கூறி அழுதான் மற்றொருவன். அன்று முதல் நால்வரும் மாலைதோறும் கூடிப் படித்தனர், நால்வரும் தேறினர். “வகுப்பில் நான் ஒருவன்தான் முட்டாள் என்று நினைத்திருந்தேன், ஐயா” என்று அவன் பின்னர் என்னிடம் கூறியபோது நான் தலைகுனிந்தேன். ஏன் தவறினாய் என்று கேட்ட நான், என்ன துன்பம் என்று கேட்கவில்லை. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வை வேலைக்குத் தறியில் ஒருவர் போதார். மறுபுறம் இருந்து நாடாவை விட இன்னொருவர் வேண்டும். அதை நாள்தோறும் கண்டவன் அவன். அவனுக்கு வேண்டிய இன்னொருவர் நானல்லேன் என்பதை நான் அறியவில்லை.

மேலைநாட்டு மருத்துவரும் இவ்வுண்மையைத் தற்செயலாகவே கண்டனர். 1905ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் ஜோசப் பிராட் என்னும் மருத்துவர், ஏழைக் காசநோயாளரை ஒருங்கே கூட்டி நோய்க்குரிய ஒழுக்கங்களைக் கற்பித்தார். ஒரே துன்பத்தையுடையோர் ஒருவரையொருவர் கண்டு ஊக்கம் பெறுவதை அங்கே அவர் உணர்ந்தார். குழுவாக ஆற்றுப்படுத்தும் முறையின் தொடக்கமாக அது கருதப்படுகிறது. நம் நாட்டில், 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘மனம்’ என்னும் மனநல நல்லாதரவு மன்றங்களை மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கியது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பணித்தது.

ஆயினும் ஆணையும் மன்றமும் மட்டும் போதா. நீங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடி அமருங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் இடைமறிக்கலாகாது, நகைத்தலாகாது, கேட்டதை வெளியே பரப்பலாகாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. தன் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவன் வெளியிட்டால், அதை மறைப்பது நட்பன்று. அவனைத் தனியே விடாமல் உடனிருந்து, ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி உதவி கிடைக்கும்.

பாணன் தன்னெதிரே வந்தவனின் பசியைத் தான் தீர்க்கவில்லை. தீர்ப்பார் இருக்குமிடத்தைக் காட்டினான். உங்கள் கடமையும் அதுவே. நாளை வகுப்பில், சில நாட்களாகப் பேசாதிருக்கும் தோழன் அருகே சென்று அமருங்கள்.