எண்சுவடி

திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்க்கு எண்ணும் அளவும் கற்பித்த வாய்பாட்டு நூல். பொன்னிலக்கம் என்னும் வாய்பாடு எண்களையும், நெல்லிலக்கம் தானிய அளவைகளையும், குழிமாற்று பரப்பளவுக்கான பெருக்கலையும் தந்தன. பிள்ளைகள் மணலில் எழுதி, உரக்கச் சொல்லி, மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளையிடம் ஒப்பித்தார்கள்.

பின்னங்களே இதன் உயிர். முந்திரி 1/320. அதை இரட்டித்தால் அரைக்காணி, மீண்டும் இரட்டித்தால் காணி (1/80). நான்கு காணி ஒரு மா. ஐந்து மா ஒரு கால். மாவும் காணியும் சேர்ந்த மாகாணி 1/16. இப்படிக் கூட்டியும் இரட்டித்தும் வளர்ந்ததால், பின்னம் பிள்ளைக்குப் பழகிய எண்ணாகவே இருந்தது. ஏழு முக்கால் எவ்வளவு? ஏழிலிருந்து ஏழு காலை, அதாவது ஒன்றே முக்காலைக் கழித்தால் ஐந்தே கால். தாள் வேண்டியதில்லை.

இதை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்குவது நியாயமன்று. நினைவே இங்கு கணக்கிடும் கருவியாக இருந்ததைக் கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு தம் ஆய்வுகளில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆங்கிலேயர் கால அச்சுப் பாடநூல்களும் தேர்வுகளும் பரவியபின் எண்சுவடி பள்ளியிலிருந்து மறைந்தது.

இன்றும் இலங்கையின் விசுவமடு போன்ற வன்னி ஊர்களின் ஆரம்ப வகுப்புகளில் இம்முறையைக் கையாள நிலமே போதும். அங்கு வழங்கும் நில அளவையான பரப்பில் 16 சேர்ந்தது ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு ஏக்கரில் மாகாணி. கால் ஏக்கர் நான்கு பரப்பு, முக்கால் ஏக்கர் பன்னிரண்டு. அரைக்கால் ஏக்கர் எத்தனை பரப்பு என்று கேட்டால், நான்கைப் பாதியாக்கிப் பிள்ளையே இரண்டு என்று சொல்லிவிடும்.