கோவாலாவுக்கு ஒரே ஊசி

கோவாலாவுக்கான கிளமிடியா தடுப்பூசியின் கதையை ஆய்வகத்தில் தொடங்குவதைவிடக் கோவாலாவின் வயிற்றில் தொடங்குவதே பொருத்தம். யூகலிப்டஸ் இலையைத் தவிர வேறெதையும் அது அதிகம் தொடுவதில்லை. நார், எண்ணெய், டானின் எல்லாம் நிறைந்த அந்த இலையை மற்ற விலங்குகள் பெரும்பாலும் சீண்டாது. கோவாலாவுக்கு மட்டும் அது செரிக்கிறது என்றால், அதற்குக் காரணம் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள பெருங்குடல்வாயும் அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும்தான். இவற்றோடு குட்டி பிறப்பதில்லை. ஆறு மாதம் ஆகும்போது தாய் மலக்குடல் வழியாகக் கூழ் போன்ற ஒன்றை வெளியேற்றும். பைக்குள்ளிருந்து தலையை நீட்டிக் குட்டி அதைத் தின்னும். இலை தின்னும் தகுதி அதன் பிறகுதான் வருகிறது.

அந்தக் கூழோடு கிளமிடியா கிருமியும் குட்டிக்குப் போகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வளர்ந்த விலங்குகளிடையே அது இணைசேரும்போது பரவுகிறது. கண்ணில் தொற்றினால் இமை வீங்கி, சீழ் கட்டி, கடைசியில் பார்வை போகும். மனிதர்களுக்கு வரும் டிராக்கோமாவும் இதே கிருமிக் குடும்பத்தின் வேலைதான். சிறுநீர்ப்பையில் தொற்றினால் வலி, அடக்கமுடியாத சிறுநீர், எந்நேரமும் ஈரமாகிப் பழுப்பேறிய பின்புறம். பெண் கோவாலாவின் கருப்பாதையில் ஏறினால் கட்டிகள் வந்து மலடாகிவிடும். மரத்தில் உட்கார்ந்திருப்பதைக் கீழிருந்து பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் தெரியும். வருடக்கணக்கில் குட்டி மட்டும் இருக்காது.

பாக்டீரியாதானே, ஆன்டிபயாடிக் கொடுத்தால் தீராதா? தீரும். கிருமி சாகும். கூடவே குடலில் உள்ளவையும் சாகும். இலை செரிக்காமல், வயிறு நிறையத் தின்றும் மெலிந்து இறந்துபோன கோவாலாக்கள் உண்டு. 2018இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், சிகிச்சைக்குப் பின் பிழைத்தவற்றின் எச்சத்தையும் இறந்தவற்றின் எச்சத்தையும் ஒப்பிட்டார்கள். டானினைச் சிதைக்கக்கூடிய லோன்பினெல்லா என்ற ஒரு பாக்டீரியா, பிழைத்தவற்றோடு சேர்ந்தே காணப்பட்டது. பிரிஸ்பேனின் லோன் பைன் கோவாலா சரணாலயத்தின் பெயரைத் தாங்கிய கிருமி அது. குணப்படுத்தும் மருந்தே பட்டினி போடுகிறது என்றால், நோய் வருமுன் தடுப்பது ஒன்றுதான் வழி. தடுப்பூசி என்ற எண்ணத்துக்கு வலு சேர்த்தது இந்த இக்கட்டுதான்.

கோவாலாவைத் தாக்கும் முக்கியமான இனத்தின் பெயர் கிளமிடியா பெகோரம். ஆடு, மாடுகளிலும் இதே இனம் உண்டு. ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் மூட்டு வீக்கம் தரும். கோவாலாவின் கண்ணிலிருந்து கிளமிடியாவைப் பிரித்தெடுத்த செய்தி 1974இல் வெளிவந்தது. கிளிக் காய்ச்சல் தரும் கிருமியின் வகை இது என்றுதான் வெகுகாலம் எண்ணினார்கள். 1990களில் மரபணுக்களைப் படித்த பிறகே இனம் வேறென்று தெளிவானது. 1788 முதல் ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஆடு மாடுகளிடமிருந்து இது காட்டுக்குள் வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. மரபணு ஒற்றுமைகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. முடிந்த தீர்ப்பு அல்ல. கோவாலாவின் மரபணுவுக்குள்ளேயே நுழைந்துகொண்டிருக்கும் ஒரு ரெட்ரோ வைரஸ் வேறு இருக்கிறது. நோய் எதிர்ப்பை அது குலைப்பதால்தான் கிளமிடியா இவ்வளவு மூர்க்கமாகிறது என்று பலர் சந்தேகிக்கிறார்கள்.

தடுப்பூசி வேலையை முன்னின்று நடத்தியவர் பீட்டர் டிம்ஸ் என்ற நுண்ணுயிரியலாளர். முதலில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், பின்னர் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்திலும். கிளமிடியா உடலின் செல்லுக்குள் புகுந்து அங்கேயே பெருகும் கிருமி. இரத்தத்தில் எதிர்ப்பொருள் மட்டும் இருந்தால் போதாது. தொற்றிய செல்லைத் தேடிப் பிடிக்கும் வெள்ளணுக்களும் விழிக்க வேண்டும். கிருமியின் மேலுறையில் உள்ள முக்கியப் புரதத்தைக் குழு தேர்ந்தெடுத்தது. அந்தப் புரதம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்பதால் மூன்று வடிவங்களைச் சேர்த்தார்கள்.

இதைவிடச் சிரமமான வேலை ஒன்று இருந்தது. ஊசி வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? எலிக்கும் மனிதருக்கும் நோய் எதிர்ப்பை அளக்கும் சோதனைப் பொருள்கள் கடையில் கிடைக்கும். கோவாலாவுக்கு அப்படி எதுவும் இல்லை. அளவுகோலையும் அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆண்டுகள் பல அதிலேயே கழிந்திருக்கின்றன. செய்திகளில் இந்தப் பகுதிக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

முதலில் மனிதர் பராமரிப்பில் இருந்த கோவாலாக்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு காடு. பிரிஸ்பேனுக்கு வடக்கே மோர்டன் பே பகுதியில், புதிய ரயில் பாதைக்காக மரங்கள் வெட்டப்படவிருந்ததால் அங்கிருந்த கோவாலாக்களைப் பிடித்து, கழுத்துப்பட்டை மாட்டி, தொடர்ந்து கண்காணித்துக்கொண்டிருந்தார்கள். வாழிடத்தை அழித்த அதே பணி, காட்டுக் கோவாலாவை வருடக்கணக்கில் பின்தொடரும் வாய்ப்பையும் கொடுத்தது. பாதிக்கு ஊசி, மீதிக்கு இல்லை என்று பிரித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவற்றில் கிருமியின் அளவும் நோயும் குறைந்தன. ஏற்கெனவே கண்நோய் வந்த சிலவற்றுக்குப் போட்டதில் கண் தேறியதும் தெரிந்தது.

ஆனால் தொடக்கத்தில் இருந்தது மூன்று தவணை ஊசி. காட்டு விலங்குக்கு அது ஆகிற காரியமா? கோவாலாவைப் பிடிக்க ஒருவர் மரமேற வேண்டும். நீண்ட கழியின் நுனியில் துணி கட்டி அதன் தலைக்கு மேல் ஆட்ட வேண்டும். தலைக்கு மேல் எது அசைந்தாலும் கோவாலாவுக்குப் பிடிக்காது. மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அடியில் ஆள் காத்திருப்பார். ஒருமுறை பிடிபட்டதை அடுத்த மாதம் அதே மரத்தில் காணலாம் என்று எந்த உறுதியும் இல்லை. வாக்காளருக்கு இருப்பதுபோல் அதற்கு முகவரி கிடையாது. ஆகவே ஒரே ஊசியிலேயே வேலை முடிய வேண்டும். இங்கே கைகொடுத்தது கனடா. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசி ஆய்வு மையம் உருவாக்கிய, நோய் எதிர்ப்பைக் கூட்டும், மூன்று பொருள்கள் சேர்ந்த தூண்டுமருந்தைப் புரதத்தோடு கலந்தபோது, மறு தவணையே தேவைப்படாத ஊசி கிடைத்தது. கிருமிக்கு எதிரான புரதத்தை வேறு யாராவது கண்டுபிடித்திருக்கலாம். இந்த ஒற்றை ஊசிதான் உண்மையான பிறப்பு என்பேன்.

2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பகுதி ஆகியவற்றின் கோவாலாக்கள் அழியும் அபாயத்தில் உள்ளவை என்று ஆஸ்திரேலிய மத்திய அரசு அறிவித்தது. 2025 செப்டம்பரில், கால்நடை மருந்துகளை ஒழுங்குபடுத்தும் ஆஸ்திரேலிய ஆணையம் இந்தத் தடுப்பூசிக்கு அனுமதி அளித்தது. காட்டுக் கோவாலாக்களிடையே இந்த நோயால் வரும் சாவு குறைந்தபட்சம் 65 சதவீதம் குறைந்ததாகச் சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகம் அறிவித்தது. மனிதருக்கான கிளமிடியா தடுப்பூசி இன்னும் வரவில்லை. செம்மறிக்கும் பூனைக்கும் அவற்றைத் தாக்கும் கிளமிடியா இனங்களுக்கு எதிரான ஊசிகள் முன்பே உண்டு. வரிசையில் மனிதருக்கு முன்னால் இப்போது கோவாலாவும் போய்விட்டது.

எல்லாக் கோவாலாவுக்கும் இது தேவை என்பதில்லை. தெற்கே கங்காரு தீவில் 1920களில் கொண்டுவிடப்பட்ட சிலவற்றின் வழிவந்தவற்றிடம் கிளமிடியா நோய் காணப்படவில்லை. அங்கே தொகை பெருகி மரங்கள் மொட்டையாகத் தொடங்கியதால், 1990களில் கருத்தடை அறுவை செய்யத் தொடங்கினார்கள்.

வடக்கே ஊசியை விலங்கு மருத்துவமனைகளிலும் கால்நடை மருத்துவரின் கிளினிக்கிலும் காட்டிலும் போடலாம். சுலபம் மருத்துவமனைதான்: கார் மோதியும் நாய் கடித்தும் வந்தவற்றுக்கு, காடு திரும்பும் முன் போட்டு அனுப்பிவிடலாம். காட்டில் உள்ள ஒவ்வொன்றையும் பிடிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. நோய் அதிகமுள்ள கூட்டங்களைத் தேர்ந்து, அவற்றிலும் இன்னும் இணைசேராத இளசுகளுக்கு முதலில் போடுவதே பயன் தரும்.