சுல்தானுக்கே இடமில்லாத விருந்து

சுங்கை ஆயர் தாவார் என்னும் ஊர்ப்பெயருக்கு நன்னீர் ஆறு என்பது பொருள். அவ்வூரிலிருந்து கடற்கரை வழியாய்த் தெற்கே சென்றால் கோலசிலாங்கூர் வரும். அங்கே மலாவாத்திக் குன்றின்மேல் சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களும் அடக்கமாகியிருக்கின்றனர். 1784ஆம் ஆண்டில் டச்சுக்காரர் அக்குன்றைக் கைப்பற்றியதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதும் சரித்திரம். அக்குன்றைச் சூழ்ந்த நாட்டில் காடு வெட்டி, வாய்க்கால் தோண்டி, ரப்பரும் தென்னையும் நட்டவர்களுள் நம்மவரும் உளர். ஆகவே, அவ்வரச வம்சத்தார் ஒருவருக்குக் கோலாலம்பூர் நகரில் நேர்ந்த அவமதிப்பின் கதை நமக்கு அயலார் கதையன்று.

கோலாலம்பூரில் 1884இல் சிலாங்கூர் கிளப்பு தோன்றிற்று. அதில் ஐரோப்பியரே மிகுதி. எனினும் செல்வமும் செல்வாக்கும் உள்ள ஓரிரண்டு ஆசியருக்கு அங்கே இடமிருந்தது. பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை அதன் அங்கத்தினராயிருந்தார். அவ்வளவு கலப்பும் சகியாத பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும் 1890இல் ஏரித் தோட்டத்தருகே லேக் கிளப்பு எழுந்தது. ஆசியர் அதில் அங்கத்தினராகவும் முடியாது, விருந்தினராகவும் வரமுடியாது. இதுவே அதன் விதி.

அத்தகைய சபைகளில் நடந்த விருந்துகளின் ஒழுங்கைக் குறை சொல்வாரில்லை. அச்சிட்ட அழைப்பிதழ் முன்கூட்டியே போய்ச் சேரும். இன்ன உடையில் வரவேண்டும் என்று விதி உண்டு. யார் அருகில் யார் அமர்வது என்பதும் உத்தியோக வரிசைப்படி முன்னரே முடிவாகியிருக்கும். வாத்தியம், நடனம், மேசை விரிப்பு, கண்ணாடிக் கிண்ணம் யாவும் குறித்தபடி இருக்கும். ஆனால் அந்த ஒழுங்கை ஆக்கியவர் யார்? அடுப்படியில் ஹைலாம் சீனர், புல்வெளியில் தமிழர், வாயிலில் சீக்கியர். இவர்களின்றி விருந்து நடவாது. இவர்களுக்கோ அழைப்பிதழ் கிடையாது.

நிற்க. 1952ஆம் ஆண்டு. நாட்டில் அவசரகாலப் போர் நடந்துகொண்டிருந்தது. முந்திய ஆண்டில் ஹை கமிஷனர் கர்னி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அவருக்குப்பின் ஜெனரல் டெம்ப்ளர் பதவியேற்றிருந்தார். அக்காலையில் ஆங்கிலேயரின் செயின்ட் ஜார்ஜ் சங்கத்தார் லேக் கிளப்பில் நடத்தவிருந்த விருந்துக்குச் சிலாங்கூர் சுல்தான் ஹிசாமுத்தீன் ஆலம் ஷாவை அழைத்தனர். கிளப்பின் கமிட்டியோ, ஆசியர் எவரும் விருந்தினராக வருதல் விதிக்கு மாறு என்று மறுத்துவிட்டது. எந்த நாட்டில் கிளப்பு நின்றதோ அந்த நாட்டின் அரசருக்கே வாயில் அடைபட்டது.

செய்தி கேட்ட டெம்ப்ளர் கடுஞ்சினங் கொண்டார். கிளப்பின் நிர்வாகிகளை நெருக்கினார், விதி மாறிற்று. அவர் சினத்தில் நியாயம் உண்டு. அரசியல் தேவையும் உண்டு. மக்களின் மனத்தை வென்றாலன்றிப் போரை வெல்ல முடியாது என்று எண்ணியவர், அம்மக்களின் அரசரை வெள்ளையர் அவமதிப்பதை எங்ஙனம் பொறுப்பார்?

ஆனால் நாம் இன்னொன்றையும் நினைக்கவேண்டும். இதற்குப் பதினோராண்டு முன்னர், 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, துரையைக் கண்டவுடன் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பது. அவர்கள் விருந்தும் கேட்கவில்லை, அழைப்பிதழும் கேட்கவில்லை. பொதுப் பாதையில் மனிதராய்ச் செல்லும் உரிமையையே கேட்டனர். அதற்கு விடையாகப் பட்டாளம் வந்தது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்; தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அரசரின் மானத்துக்கு ஹை கமிஷனர் வாதாடினார். தொழிலாளியின் மானத்துக்கு வாதாடிய தொழிலாளிக்கோ குண்டு கிடைத்தது.

இவ்வளவும் சொல்லி வெள்ளையர்மேல் பழிபோட்டு எழுந்துவிடுவது எளிது. நம் வீட்டுப் பந்தியின் சங்கதி என்ன? பொதுமக்கள் பணத்தில் நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே சோறிட்டதால் 1925இல் தமிழ்நாடே கொந்தளித்ததை வாசகர் அறிவர். அந்த வியாதியைக் கப்பலேற்றி இங்கும் கொண்டுவந்தோம் அல்லவா? தோட்டத்துக் கலியாணங்களில் கிராணிமாருக்கு முதற்பந்தி, லயத்தாருக்குக் கடைப்பந்தி என்றும், இன்ன சாதியார் இன்ன பக்கம் என்றும் இலை போட்டவர் நம்மவரே. லேக் கிளப்புக்காரர் தம் விதியை ஏட்டில் எழுதிவைத்தனர்; ஆகையால் ஒருநாள் அதை அடித்துத் திருத்த முடிந்தது. நம் விதியோ ஏட்டில் இல்லை. பரிமாறுகிறவன் கண்ணில் இருக்கிறது. அதைத் திருத்த எந்த ஜெனரலும் வரமாட்டார்.

1957 ஆகஸ்டு 30ஆம் நாள் நள்ளிரவில் சிலாங்கூர் கிளப்பின் எதிரேயுள்ள திடலில் ஆங்கிலக் கொடி இறங்கிற்று. 1960இல் அதே ஹிசாமுத்தீன் ஆலம் ஷா நாடு முழுமைக்கும் மாமன்னரானார். கோலாலம்பூர்க் கதவு திறந்து வெகுகாலம் ஆயிற்று. அடுத்த கலியாணத்தில் இலை போடும்போது, நம் கை யாரைக் கண்டு தயங்குகிறது என்று நாம் ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்வோமாக. அங்ஙனம் தயங்குமாயின், 1952இல் சுல்தானை மறுத்த கமிட்டியாரைக் குறைகூற நமக்கு யோக்கியதை இல்லை.