தாயகம் திரும்பிய மிசனரிக் குடும்பம்: சாமுவேல் கிறீனை முன்னிறுத்திய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

ஈழத்துத் தமிழியல் வரலாற்றை எழுதியோர் அமெரிக்க மிசனரிமாரின் வருகைக்கு அளித்த கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் அவர்களது திரும்புகைக்கு அளித்தாரல்லர். 1816இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்ட அமெரிக்க மிசனின் பாடசாலைகள், அச்சுக்கூடம், அகராதிப் பணி, மருத்துவ நூல்கள் முதலியன பற்றி நாம் ஓரளவு அறிவோம். ஆயின், அப்பணிகளைச் செய்தோர் கப்பலேறிய பின்னர் என்னவாயினர், பல ஆண்டுகளின் பின் பிறந்த மண்ணில் மனைவி மக்களுடன் எவ்வாறு காலூன்றினர் என்னும் வினா, அவர்தம் சொந்த வாழ்க்கை சார்ந்தது என ஒதுக்கப்பட்டுவிட்டது. மிசன் சார்பான வாழ்க்கை வரலாறுகளோ இவ்விடயத்தை நோய், தியாகம், இறைசித்தம் என்னும் சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன.

இக்கட்டுரை அவ்வினாவைச் சமூக வரலாற்று வினாவாக எடுத்துக்கொள்கின்றது. திரும்பிய குடும்பம் தாயகத்தில் மீளப் பொருந்திக்கொள்ள முடிந்ததா என்பதை அதன் மனத்திண்மை மாத்திரம் தீர்மானிக்கவில்லை. சொத்து, உழைப்பு, மொழி ஆகிய மூன்றிலும் அதற்கு அங்கு காத்திருந்தது யாது என்பதே பெரிதும் தீர்மானித்தது என்பது எமது கருத்தாகும். 1873இல் யாழ்ப்பாணத்தினின்று மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகருக்குத் திரும்பிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் குடும்பத்தை மையமாகவும், வேறு சில குடும்பங்களை ஒப்பீட்டுக்காகவும் இங்கு நோக்குவோம்.

2

1810இல் நியூ இங்கிலாந்தில் தோற்றுவிக்கப்பட்ட அமெரிக்க மிசன் சபை பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் முதற்றலைமுறையினர் ஆயுட்பணிக்கெனவே அனுப்பப்பட்டனர். குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுப்பில் தாயகம் சென்றுவரும் ஒழுங்கு பிற்காலத்தது. ஆகவே, தொடக்க காலத்தில் திரும்பி வருதல் என்பது இயல்பான நிகழ்ச்சியாகக் கருதப்படவில்லை. உடல்நலக் குறைவைக் காட்டி நியாயப்படுத்த வேண்டிய ஒன்றாக அது இருந்தது.

இதற்கு ஒரு பொருளியல் அடிப்படை உண்டு. மிசனரி பெற்றது செய்த வேலைக்குரிய சம்பளமன்று. வாழ்க்கைத் தேவைக்கெனக் கணிக்கப்பட்ட பிழைப்பூதியமேயாகும். சேமிப்புக்கு அதில் இடம் மிகக் குறைவு. அப்பிழைப்பூதியமும் நியூ இங்கிலாந்தின் சபையோர் அளித்த நன்கொடையிலேயே தங்கியிருந்தது. 1837இல் அமெரிக்காவில் ஏற்பட்ட நிதி நெருக்கடியின் விளைவாக யாழ்ப்பாணத்தில் மிசன் பாடசாலைகள் பெருந்தொகையாக மூடப்பட்டமை, பொஸ்ரனின் பணச்சந்தைக்கும் வலிகாமத்துத் திண்ணைப் பள்ளிக்கும் இடையே இருந்த பிணைப்பைத் தெளிவாக்குகின்றது. இவ்வாறு சேமிப்பும் நிலமும் இன்றி நடுவயதில் திரும்பிய ஒருவர், தமது சமகாலத்தவர் தொழிலிலும் வணிகத்திலும் வேரூன்றிவிட்ட ஒரு சமூகத்தில் புதிதாகத் தொடங்கவேண்டியவரானார்.

பெற்றோருக்கு முன்னரே பிள்ளைகள் திரும்பினர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கல்விக்காகவும், சுற்றாடலின் 'தீய' செல்வாக்கினின்று காக்கும் நோக்குடனும் இளம் வயதிலேயே பிள்ளைகளை அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் அனுப்பும் வழக்கம் நிலவிற்று. இலங்கையிற் பிறந்த மைரன் வின்ஸ்லோவின் மகன் சாள்ஸ், அவ்வாறு சென்ற சில காலத்துள் 1832இல் நியூயோர்க்கில் இறந்தான். அச்சிறுவனின் வாழ்க்கை பிற பிள்ளைகளின் பக்திக்கு எடுத்துக்காட்டாக நூலுருப் பெற்றது. தந்தையோ 1862இல் தமது பேரகராதியை வெளியிட்டு, 1864இல் தாயகம் நோக்கிப் புறப்பட்டு, வழியில் நன்னம்பிக்கை முனையில் உயிர்நீத்தார். பிள்ளை 'தாயகம்' என்று சென்ற இடம் அவன் முன்னர் கண்டிராத நாடு. தந்தை திரும்ப முயன்ற இடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரது வாழ்வின் களமாக இல்லாத நாடு.

3

திரும்பாதோரின் வரலாறு இவ்விடத்தில் ஒப்புநோக்கற்பாலது. இதே சபை 1820இல் ஹவாய்த் தீவுகளிலும் பணி தொடங்கிற்று. அங்கும் பிள்ளைகளைப் பிரிந்திருத்தல் பெருந்துயராக இருந்தது. அதனைத் தவிர்க்கவே 1841இல் மிசனரிப் பிள்ளைகளுக்கெனப் புனாகோ பாடசாலை தொடங்கப்பட்டது. சுதேச மொழியைப் பிள்ளைகள் பேசாதவாறு தாய்மார் காத்துவந்தனர் என்பதும் அறியப்பட்ட செய்தியே. ஆயின், 1848இல் ஹவாயில் நிலவுரிமை முறை மாற்றப்பட்டு நிலம் தனியுடைமையானதும் நிலைமை மாறிற்று. மிசனரிமார் நிலம் பெற்றனர். சபையின் நிதிப்பொறுப்பினின்று விலகி அங்கேயே குடியமர்ந்தனர். மிசனின் முன்னாள் ஊழியரான காசிலும் குக்கும் 1851இல் தொடங்கிய வணிக நிறுவனமும், மிசனரிப் புதல்வரான அலெக்சாண்டரும் போல்ட்வினும் 1870இல் தொடங்கிய நிறுவனமும் தீவின் சீனிப் பெருந்தோட்ட மூலதனத்தின் தூண்களாயின. 1893இல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டபின் அமைந்த ஆட்சிக்குத் தலைமை தாங்கிய சன்போர்ட் டோலும் மிசனரிப் பெற்றோரின் மகனேயாவார்.

யாழ்ப்பாணத்தில் இது நிகழாமைக்குக் காரணம் அங்கு வந்தோர் பற்றற்றோராக இருந்தமை அன்று. இலங்கை பிரித்தானியரின் குடியேற்ற நாடு. அமெரிக்கர் அங்கு அரசின் இசைவில் தங்கிய விருந்தினரேயாவர். 1820 முதல் 1833 வரை புதிய அமெரிக்க மிசனரிமார் வருவதற்கே தடையிருந்தது. நிலத்தையும் ஆட்சியையும் கைப்பற்றும் வாய்ப்பு வேறொரு ஏகாதிபத்தியத்திடம் இருந்தமையால், அமெரிக்கருக்கு எஞ்சியது பாடசாலையும் அச்சுக்கூடமும் மருத்துவமனையுமேயாம். ஒரே சபையால், ஒரே பயிற்சியுடன் அனுப்பப்பட்ட குடும்பங்கள் ஓரிடத்தில் நிலவுடைமையாளராகவும் மற்றோரிடத்தில் வெறுங்கையுடன் திரும்புவோராகவும் ஆனமையை, தனிமனித ஒழுக்கத்தைக் கொண்டு விளக்க முடியாது.

4

திரும்பிய குடும்பத்தின் சுமையைச் சுமந்தவர் யாவர் என்னும் வினாவும் எழுகின்றது. மிசனரியின் மனைவி களத்தில் ஆசிரியையாகவும் தாதியாகவும் உழைத்தபோதும் அவ்வுழைப்பு கணவனின் பணியுள் அடங்கியதாகவே கொள்ளப்பட்டது. துருக்கிய ஆட்சிக்குட்பட்ட டியார்பக்கீரில் பணியாற்றிய ஒகஸ்ரஸ் வோக்கர் 1860களில் இறந்தபோது, அவர் மனைவி எலிசா வோக்கர் பிள்ளைகளுடன் பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள ஓபன்டேலுக்குத் திரும்பினார். காலப்போக்கில் அவர் பெற்றோரின் இல்லம், தாய்தந்தையர் தூரதேசங்களில் இருந்த மிசனரிப் பிள்ளைகளின் விடுதியாக வளர்ந்தது. பெற்றோரின் கூரையின்கீழ் மீள வந்து சேர்ந்த கைம்பெண், பிறர் பிள்ளைகளை வளர்ப்பதையே தமது வாழ்வாக ஆக்கிக்கொண்டார். மிசன் அமைப்பு தன்னால் தீர்க்கவியலாத ஒரு முரண்பாட்டை, அதாவது உலகெங்கும் 'கிறித்தவ இல்லத்தை' எடுத்துக்காட்டச் சென்ற குடும்பங்களே சிதறி வாழவேண்டியிருந்த முரண்பாட்டை, பெண்களின் வீட்டுழைப்பைக் கொண்டே சமாளித்தது எனலாம்.

5

இப்பின்னணியிலேயே கிறீன் குடும்பத்தின் திரும்புகையை மதிப்பிடல் வேண்டும். 1822இல் வூஸ்ரரிற் பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயை நிலையமாகக் கொண்டு மருத்துவம் பார்த்தும் கற்பித்தும் வந்தார். நலங்குன்றி 1857இல் அமெரிக்கா சென்றவர், 1862இல் மாகறெற் வில்லியம்சை மணந்து அவருடன் மீண்டார். அவ்விரண்டாங் காலப்பகுதியில் மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். அவரிடம் பயின்ற சுதேச வைத்தியர் 60இற்கும் மேற்பட்டோர். அவரும் அவர்தம் மாணவரும் தமிழாக்கிய மருத்துவ, அறிவியல் நூல்கள் 4,000 பக்கங்களைக் கடந்தன. 1873இல் குடும்பம் இறுதியாக வூஸ்ரருக்குத் திரும்பிற்று.

அவர்கள் சென்றடைந்தது கிறீன் முதன்முதலாகப் புறப்பட்ட ஊர் அன்று. 1850இல் ஏறத்தாழ 17,000 பேர் வாழ்ந்த வூஸ்ரரில் 1870இல் 41,000 பேருக்கு மேல் இருந்தனர். கம்பி வார்ப்பும் இயந்திரத் தொழிலும் பெருகின. அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர் நகரின் கணிசமான பகுதியினராயினர். உள்நாட்டுப் போர் முடிந்து தொழின்முறை முதலாளித்துவம் முழுவேகம் பெற்ற காலம் அது. அதே 1873இல் நாடளாவிய நிதி வீழ்ச்சியும் ஏற்பட்டுப் பல்லாயிரவர் வேலையிழந்தனர். சிறு விவசாயிகளையும் கைவினைஞரையும் கொண்ட, திருச்சபையை மையமாகக் கொண்ட பழைய நியூ இங்கிலாந்து, அதாவது மிசன் இயக்கத்தை ஈன்ற அந்தச் சமூகம், கண்முன்னே மறைந்துகொண்டிருந்தது.

இந்நெருக்கடியினுள் கிறீன் குடும்பம் சிதையவில்லை. தலைமுறைகளாக அக்குடும்பத்திற்கு உரியதாயிருந்த 'கிறீன் ஹில்' நிலமும் மாளிகையும் அவர்களைத் தாங்கின. மூத்த சகோதரர் அன்ட்று ஹாஸ்வெல் கிறீன் நியூயோர்க்கின் புகழ்பெற்ற சட்டத்தரணி. மத்திய பூங்காவின் உருவாக்கத்தில் முன்னின்றவர். 1871 முதல் 1876 வரை அந்நகரின் நிதிக்கட்டுப்பாட்டாளர். வேறு பல மிசனரிமாருக்குக் கிட்டாத ஓய்வு கிறீனுக்குக் கிட்டியமைக்கு இவ்வர்க்கநிலை முக்கிய காரணமாகும். அந்த ஓய்வை அவர் செலவிட்ட விதமே எமது கவனத்திற்குரியது. எஞ்சிய பதினொரு ஆண்டுகளில் அவர் வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 'கெமிஸ்தம்' 1875இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும், 'இந்து பதார்த்த சாரம்' அவர் இறந்த 1884இலும் வெளிவந்தன. கையெழுத்துப் படிகள் கடல் கடந்து சென்று வந்தன. உடல் திரும்பிவிட்டது, உழைப்போ மானிப்பாயிலேயே தங்கிவிட்டது. தம் கல்லறையில் தம்மைத் தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் எனப் பொறிக்குமாறு அவர் விரும்பினார் என்பதும் இத்துடன் இணைத்து நோக்கத்தக்கது. தாய்நாட்டில் தாம் யார் என்பதற்கு, விட்டுவந்த நாட்டைக் கொண்டே அவர் விடைகூற வேண்டியிருந்தது.

6

ஆயின், அவர் எந்தச் சமூகத்திற்காக எழுதிக்கொண்டிருந்தாரோ அச்சமூகமும் நிலைத்து நின்றிருக்கவில்லை. 1870இல் கொழும்பில் ஆங்கில வழி மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அரசாங்க உத்தியோகத்திற்கும் அதன்வழிக் கிடைக்கும் சமூக மதிப்புக்கும் ஆங்கிலமே வாயில் என்பதை யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கம் நன்குணர்ந்திருந்தது. வூஸ்ரரில் ஒவ்வொரு தமிழ்க் கலைச்சொல்லும் திருத்தப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், அச்சொல்லைக் கற்று அதனாற் பிழைக்கக்கூடிய மாணவன் அருகிக்கொண்டிருந்தான். இத்தோல்வியைக் கிறீனின் தோல்வியாகவோ தமிழ் மொழியின் இயலாமையாகவோ கொள்வது பொருந்தாது. உற்பத்தியிலும் ஆட்சியிலும் இடமற்ற மொழியில் உயர்கல்வியை ஒரு தனிமனிதரின் ஈடுபாட்டினால் மட்டும் நிலைநிறுத்த இயலாது என்பதையே அது காட்டுகின்றது.

திரும்புகை என்பதற்கு யாழ்ப்பாணத்திலும் ஒரு மறுபக்கம் உண்டு. அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைச் சூட்டி மிசன் விடுதிகளிற் பிள்ளைகள் வளர்க்கப்பட்டனர். மிசனரிமார் கப்பலேறியபோது அப்பெயர்களுடன் இங்கு எஞ்சியோர் இவர்கள். வட்டுக்கோட்டைச் செமினரியிற் பயின்று, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் பின்னர் சைவத்திற்கு மீண்டனர். தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூற்பதிப்பிலே தம் புலமைக்குக் களம் கண்டார். இதுவும் ஒரு மீளப்பொருந்துதலே. மிசனரிக் குடும்பத்தின் துயர் கடிதங்களாகவும் வாழ்க்கை வரலாறுகளாகவும் பேணப்பட்டுள்ளது. இவர்கள் கடந்த பாதையின் உள்ளார்ந்த வேதனைக்கு அத்தகைய ஆவணம் அரிது.

1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரை ஆராய்ந்த ஜோன் யுசீம், றூத் யுசீம் ஆகியோரின் ஆய்வுகளிலிருந்து 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்னும் கருத்தாக்கம் வளர்ந்தது. பெற்றோரின் பண்பாட்டுக்கும் வாழும் நாட்டின் பண்பாட்டுக்கும் இடையே உருவாகும் ஒரு வாழ்நிலையை அது இனங்கண்டது; திரும்பிவந்த பிள்ளையின் தனிமையைப் புரிந்துகொள்ள உதவிற்று. ஆயினும் அவ்விரு பண்பாடுகளுக்கு இடையே நிலவிய ஆதிக்க உறவைக் கருதாது இக்கருத்தாக்கத்தைக் கையாளின், மானிப்பாயிற் பிறந்த அமெரிக்கக் குழந்தையும் அமெரிக்கப் பெயர் சூட்டப்பட்ட மானிப்பாய்க் குழந்தையும் சமநிலையினர்போலத் தோன்றிவிடுவர். முன்னையதற்குத் திரும்பிச் செல்லக் கிறீன் ஹில் இருந்தது. பின்னையதற்கு அது இருக்கவில்லை.

1905இல் அந்நிலம் கிறீன் குடும்ப வாரிசுகளால் வூஸ்ரர் நகருக்கு வழங்கப்பட்டுப் பொதுப்பூங்காவாயிற்று. கிறீனை நாம் நன்றியுடன் நினைவுகூர்வதில் தவறில்லை. அறிவியற்றமிழுக்கு அவர் ஆற்றிய பணி மறுக்கவியலாதது. ஆயினும் அந்நன்றி, அவரை வரலாற்றுக்கு அப்பாற்பட்ட தமிழ்த்தொண்டராக நிறுத்துமாயின் ஆய்வுக்குத் தடையாகும். அவருடன் மொழிபெயர்த்த மாணவர், மானிப்பாயிலும் வூஸ்ரரிலும் அவர் இல்லத்தை நடத்திய மாகறெற், இரு நாடுகளுக்கிடையே வளர்ந்த பிள்ளைகள் ஆகியோரையும் உள்ளடக்கிய வரலாறு இனியே எழுதப்படவேண்டும். தாயகம் திரும்பிய குடும்பங்களின் கடிதங்களை அந்நோக்கில் மீள வாசிப்பது, ஈழத்துக் குடியேற்றக்கால வரலாற்றின் ஒரு பகுதியைக் கடலின் மறுகரையிலிருந்து விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.