தண்ணிக்குக் கழித்த இரண்டு கிலோ

கண்டியிலிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் வழியில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1925இல் கட்டின பழைய ஃபெக்டரி அது. 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அங்கேதான். நாங்கள் சிலர் போய்ப் பார்த்துவிட்டு இறங்கும்போது பேச்சு தராசுக்கு வந்தது. "மழை நாள்ல கொழுந்து நிறுத்தா தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. எத வச்சுக் கழிக்கிறீங்கன்னு கேக்க முடியாது" என்று எங்களில் ஒருவரின் அம்மாயி சொல்வாராம். அந்த இரண்டு கிலோவால் முழுப் பேர் அரைப் பேராகிவிடும்.

எதை வைத்து? அளவுத்திருத்தத்தின் வரலாறே இந்தக் கேள்விதான்.

தேயிலைத் தூளில் ஈரம் எவ்வளவு என்று அறிய நம்பகமான வழி பழையது: நிறுத்து, 103 பாகை செல்சியஸ் அடுப்பில் காயவைத்து, மறுபடி நிறுப்பது. சரியான வழி, ஆனால் மணிக்கணக்கில் இழுக்கும். 1800இல் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் இருப்பதைக் கண்டார். 1960களில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் கார்ல் நோரிஸ் அந்தப் பக்கத்து ஒளியைத் தானியத்தில் பாய்ச்சி ஈரத்தை அளந்தார். தண்ணீர் 1450, 1940 நனோமீற்றர் அருகே ஒளியை நன்றாக விழுங்கும். சில விநாடியில் விடை.

ஆனால் கருவிக்கு ஈரம் தெரியாது, ஒளி மட்டுமே தெரியும். அடுப்பில் காயவைத்துக் கண்ட விடைகளை நூறு மாதிரிகளுக்குக் காட்டி, "இந்த ஒளிக்கு இந்த ஈரம்" என்று பழக்கவேண்டும். அந்தக் கணக்குத்தான் ரிக்ரெஷன், நம் பாடப்புத்தகத்துப் பிற்செலவு. சிக்கல் என்னவென்றால், அலைநீளங்கள் ஆயிரம், மாதிரிகள் நூறு. எல்லாவற்றையும் சேர்த்தால் கணக்கு அந்த நூறையும் மனப்பாடம் செய்துவிடும். புதுத் தூளுக்குப் பிழைக்கும். எந்த அலைநீளங்களை எடுப்பது? ஒவ்வொரு சேர்க்கையையும் சோதித்துப் பார்க்க ஆயுள் போதாது.

இங்கேதான் ஜெனட்டிக் அல்கோரிதம் வருகிறது. ஜோன் ஹொலண்ட் 1975இல் அதைப் புத்தகமாக்கினார். 1990களில் இத்தாலியின் ஜெனோவாவில் ரிக்கார்டோ லியார்டி அலைநீளத் தெரிவுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சேர்க்கையும் 0, 1 வரிசை: 1 என்றால் அந்த அலைநீளம் உள்ளே, 0 என்றால் வெளியே. பழக்கத்தில் சேர்க்காத மாதிரிகளில் குறைவாகப் பிழைக்கும் வரிசைகளைத் தெரிந்து, ஒன்றோடொன்று கலந்து, இடையிடையே ஓர் இலக்கத்தை மாற்றி, அடுத்த தலைமுறையை வளர்ப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. ஒட்டுக்கலப்பில் வந்த நாற்றுகளில் நல்ல செடியைப் பொறுக்கி எடுக்கிற வேலைதானே!

இதிலும் ஏமாறலாம். தலைமுறைகளை நீட்டிக்கொண்டே போனால், தற்செயலுக்குப் பொருந்தின அலைநீளமும் தேறிவிடும். அதனால் கடைசிவரை கையே வைக்காத மாதிரிகளைத் தனியே ஒதுக்கி, அவற்றில்தான் இறுதிச் சோதனை. தாழ்நிலத் தூளில் பழகின கருவி மலைநாட்டுத் தூளுக்குத் தப்பாகவும் சொல்லலாம். "இந்த மாதிரி எனக்குப் பழக்கமில்லை" என்று கருவி எச்சரிக்க, 1936இல் கல்கத்தாவின் மஹலநோபிஸ் எழுதிய தூர அளவை இன்றும் பயன்படுகிறது.

கருவியின் பின்னால் இப்படி ஒரு பதிவு இருக்கிறது: எந்த மாதிரி, எந்த அடுப்பு, எவ்வளவு பிழை. கேட்டால் காட்டலாம். அம்மாயியின் இரண்டு கிலோவுக்குப் பின்னால் அப்படி ஒரு தாளும் இருக்கவில்லை. மழை லேசாக இருந்தாலும் அதே இரண்டு, அடித்துப் பெய்தாலும் அதே இரண்டு.

நாளைக்குக் கொழுந்து மடுவத்துக்கும் இப்படி ஒரு கருவி வரலாம். வந்தால் அதை எந்தக் கொழுந்தில் பழக்கினீர்கள், எவ்வளவு பிழைக்கும் என்று நிறுவைக்கு நிற்கிறவர்கள் கேட்கவேண்டும். பதில் தமிழில், தராசுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கவேண்டும்.